காலி நாற்காலியிடம் கேள்வி கேட்டவர்

மார்ச் முப்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து இருபது கப்பலில் ஆங்கில ஆசிரியர் மகினோ சென்செய் தொபிசே தீவை விட்டுப் போனார். மழை வரும் என்று சொல்லியிருந்தார்கள், வரவில்லை. காற்று மட்டும் பலமாக இருந்தது. துறையில் நாங்கள் இருபத்தைந்து பேர் நின்றிருப்போம். அவர் மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பியருகே நின்று ஏழு காகித நாடாக்களின் நுனிகளையும் ஒரே கையில் பிடித்திருந்தார். மறுநுனிகள் எங்கள் பள்ளியின் ஏழு பிள்ளைகளிடம் இருந்தன. கப்பல் நகர நகரச் சுருள்கள் அவிழ்ந்து நீண்டு, தண்ணீருக்கு மேலே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஆடின.

ஒவ்வொரு மார்ச்சிலும் நடப்பதுதான் இது. எந்த ஆசிரியரையும் ஒரே தீவில் நாலைந்து வருடத்துக்கு மேல் விட்டுவைக்க மாட்டார்கள். கிளம்புகிறவரைப் பார்த்துப் பிள்ளைகள் அழுவார்கள், "அடுத்த ஸ்கூல்லயும் நல்லா இருங்க சென்செய்!" என்று கத்துவார்கள், கப்பல் அலைதடுப்பைத் தாண்டியதும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். அன்று அந்த வாக்கியத்தை யாராலும் கத்த முடியவில்லை. மகினோவுக்கு அடுத்த பள்ளி இல்லை.

பிள்ளைகளில் தைகாதான் மறந்துபோய் வாயைத் திறந்தான். "சென்செய்! அடுத்த ஸ்கூல் பசங்ககிட்ட எங்களைப் பத்தி..."

பக்கத்தில் நின்ற கொஹாரு அவன் காலை மிதித்தாள்.

மேலேயிருந்து மகினோ சிரித்துக்கொண்டே கத்தினார். "அங்க பசங்க இல்லடா, நூடுல்ஸ்தான்! நல்ல பிள்ளைங்க. தொங்குன்னா தொங்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். துணைத் தலைமையாசிரியர் ஹமாதா சிரித்துக்கொண்டே திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

முப்பத்தைந்து வயதில், பன்னிரண்டு வருட வேலையை விட்டுவிட்டு, அக்காவின் நூடுல்ஸ் பட்டறைக்குப் போகிறார். காரணம் தீவில் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் தேர்வில், ஒரு காலி நாற்காலியின் முன்னால், பதில் வரட்டும் என்று அவர் காத்து நின்றார்.

*

அதற்கு முந்தைய ஏப்ரலில்தான் நான் தொபிசேவுக்குப் போனேன். அதுவரை அந்த நாட்டிலேயே ஒரு ஊரில் ஓட்டல் வரவேற்பறை, இன்னொரு ஊரில் பழத்தோட்டம் என்று சுற்றிக்கொண்டிருந்தவள், யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. பள்ளிகளுக்கு ஆங்கில உதவி ஆசிரியர்களை அனுப்பும் ஒரு நிறுவனம், பன்னிரண்டு வருடம் ஆங்கில வழியில் படித்திருந்தால் போதும் என்றது. ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். படஅட்டையை எப்படிப் பிடிப்பது, குரலை எப்படி உயர்த்துவது, எப்போதும் எப்படிச் சிரித்த முகமாக இருப்பது, இவ்வளவுதான். ஆறாம் நாள் கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

மூன்று மணி நேரமும் வாந்தி எடுத்தேன். துறையில் இறங்கியபோது கால் தரையில் நிற்கவில்லை. சாம்பல் நிறக் கோட்டும் அதற்குச் சம்பந்தமில்லாத ஓட்டக் காலணியும் போட்ட ஒருவர் கையில் தாளோடு வந்து குனிந்து வணங்கினார். பிறகு நிமிர்ந்து, தாளைப் பார்த்து, நிதானமான ஆங்கிலத்தில் கேட்டார்: பயணம் எப்படி இருந்தது?

மோசம், வாந்தி எடுத்தேன் என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். பின்னால் நின்ற ஹமாதா எட்டிப் பார்த்துவிட்டு அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "என்னப்பா, அதுல அது இல்லையா?"

"'நன்றாக இருந்தது'ன்னுதான் போட்டிருக்கேன்" என்றார் மகினோ, வருத்தமாக.

பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. இங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் முன்கூட்டியே ஒரு திட்டத்தாள் எழுதுவார்கள். முதல் கட்டத்தில் நேரம், இரண்டாவதில் ஆசிரியர் செய்ய வேண்டியது, மூன்றாவதில் உதவி ஆசிரியர் செய்ய வேண்டியது, நான்காவதில் பிள்ளைகள் என்ன பதில் சொல்லக்கூடும் என்பது. பழக்கம் முற்றிப்போய் மகினோ என்னை வரவேற்பதற்கும் ஒரு தாள் தயாரித்துவிட்டார். என் பதில்கள் நான்காம் கட்டத்தில் இருந்தன.

அன்று என்னை ஆசிரியர் குடியிருப்புக்குக் கூட்டிப்போய் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கக் காட்டிக்கொடுத்தார். போகும்போது வாசலில் தயங்கி நின்றார்.

"கோதை சென்செய், இனிமே உங்களுக்குத் தாள் எழுத மாட்டேன். என்ன வேணும்னாலும் சொல்லுங்க. கொஞ்சம் நேரம் குடுத்தா பதில் சொல்லிடுவேன்."

*

என் முதல் வகுப்பு பத்து நிமிடம் பிரமாதமாகப் போனது என்று நினைத்தேன். ஏழு பிள்ளைகள், ஏழு மேசைகள். நான் படஅட்டையைத் தூக்கினேன், குரலை உயர்த்தினேன், சிரித்தேன். இது என்ன? உங்களுக்குப் பிடிக்குமா? எவ்வளவு பிடிக்கும்? ஏன்? கேள்வி கேட்டு ஒரு நொடி பார்ப்பேன், பதில் இல்லையென்றால் நானே சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவுவேன். பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். முடிந்ததும் எழுந்து வரிசையாக வணங்கினார்கள்.

ஆசிரியர் அறையில் மகினோ எனக்குத் தேநீர் ஊற்றினார். தன் கோப்பையையும் நிரப்பினார். குடித்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"தைகா ரெண்டு தடவை வாயைத் திறந்தான்" என்றார் கடைசியில்.

"எப்போ?"

"மீன் படத்துக்கு ஒரு தடவை. நாய் படத்துக்கு ஒரு தடவை. நீங்க அதுக்குள்ள பூனைக்குப் போயிட்டீங்க."

"யாருமே பேசலையேன்னு..."

"பேசத்தான் போறாங்க. பக்கத்துலதான் இருக்காங்க, இன்னும் வந்து சேரலை. அவ்வளவுதான்."

மறுநாள் அவர் வகுப்பில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நேற்று இரவு என்ன சாப்பிட்டாய் என்று கொஹாருவிடம் ஆங்கிலத்தில் கேட்டார். ஜன்னலோரக் கடைசி மேசைக்காரி, பதினாலு வயது. அவள் மேசையைப் பார்த்தாள். மகினோ கரும்பலகையருகே நின்றார். கையைக் கட்டவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, உற்சாகப்படுத்தும் விதமாகத் தலையையும் ஆட்டவில்லை. பஸ்ஸுக்கு நிற்பவரைப் போல நின்றார். மற்ற ஆறு பேரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒருவன் ரப்பரை உருட்டிக்கொண்டிருந்தான். வெளியே மீனவர் சங்கத்தின் ஒலிபெருக்கி எதையோ அறிவித்து முடித்தது. எழுந்து போய் அந்தப் பெண்ணுக்குப் பதிலாக நானே சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

நாற்பது நொடி இருக்கும். "கணவாய்" என்றாள் கொஹாரு ஆங்கிலத்தில். இன்னும் சற்று நேரம் கழித்து, "மறுபடியும்" என்றாள்.

வகுப்பே வெடித்துச் சிரித்தது, அவளும் சிரித்தாள். தீவில் அந்த வாரம் எல்லார் வீட்டிலும் கணவாய்தான்.

அன்றிலிருந்து நான் கேள்வி கேட்டால் பாக்கெட்டுக்குள் விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தேன். பத்து வரை எண்ணுவது முதலில் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. மே மாத முடிவில் தைகா ஆங்கிலத்தில் தன் நாயைப் பற்றி நான்கு வாக்கியம் சொன்னான். நான்கில் இரண்டு பொய். ஆனாலும் வாக்கியங்கள்.

*

மகினோ பக்கத்துப் பெரிய தீவுக்காரர். அப்பா வலைப் படகில் மீன்பிடிக்கப் போகிறவர், அம்மா சீக்கிரமே இறந்துவிட்டார். எட்டு வயது மூத்த அக்கா சுமியேதான் அவருக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினாள். பதினைந்து வயதில் மேல்நிலைப் படிப்புக்கு நகரத்து விடுதிக்குப் போனார். அங்கே நாற்பது பேர் வகுப்பு. கேள்வி கேட்கும் ஆசிரியர் மூன்று நொடி பார்ப்பார், பிறகு "அடுத்தவன்" என்பார். மூன்று வருடத்தில் தான் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சாதாரணமாகச் சொன்னார்.

"அப்புறம் இங்கிலீஷ் எப்படி வந்துச்சு?"

"ரேடியோ. காலையில ஆறு மணிக்குப் பாடம் வரும். அந்தம்மா ஒரு வாக்கியம் சொல்லிட்டு நிறுத்துவாங்க, நாம திருப்பிச் சொல்றதுக்கு. முதல் நாள் அந்த இடைவெளியில ஒண்ணும் சொல்லலை. கேட்டுட்டே இருந்தேன். ரெண்டாவது வாரம் சொன்னேன்." சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அந்தம்மா ரெண்டு வாரமும் திட்டவே இல்லை."

பட்டம் வாங்கியதும் ஒப்பந்த ஆசிரியராகச் சேர்ந்தார். வேலை எல்லாம் நிரந்தர ஆசிரியரின் வேலைதான். வகுப்பு, இறகுப்பந்துப் பயிற்சி, பெற்றோர் வீட்டுக்குப் போவது எல்லாம் உண்டு. ஆனால் மார்ச்சோடு ஒப்பந்தம் முடியும். அடுத்த வருடம் எங்கே, வேலை உண்டா என்பது மார்ச் கடைசியில் வரும் தொலைபேசியில்தான் தெரியும். நிரந்தரமாக வேண்டுமென்றால் மாகாணத் தேர்வில் தேற வேண்டும். எழுத்துத் தேர்வில் அவர் ஒவ்வொரு முறையும் தேறிவிடுவார். ஆகஸ்டில் நடக்கும் மாதிரி வகுப்பில் விழுந்துவிடுவார். ஏழு முறை.

அத்தானுக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை ஆன பிறகு பட்டறையில் ஆள் இல்லை. முப்பத்தைந்து வயது வரை எழுதிப் பார்க்கிறேன், இல்லையென்றால் வந்துவிடுகிறேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வருடம்தான் கடைசி.

*

ஜூன் மாதம், இறகுப்பந்துப் பயிற்சி முடிந்த மாலைகளில், காலி வகுப்பறையில் ஒத்திகை பார்த்தோம். மாதிரி வகுப்பு என்பது பத்து நிமிடம். ஓர் அறை, ஒரு கரும்பலகை, வரிசையாகக் காலி நாற்காலிகள், ஓரத்தில் மூன்று தேர்வாளர்கள். பிள்ளைகள் கிடையாது. இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு பாடம் நடத்த வேண்டும். கேள்வி கேட்டு, பதில் வந்ததாக நினைத்து, அருமை என்று பாராட்டி, மேலே போக வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

நான் தேர்வாளராக ஓரத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் நேரம் வைத்தேன். மகினோ அழகாக ஆரம்பித்தார். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது, பலகையில் எழுத்து குண்டுகுண்டாக இருந்தது. ஜன்னலோர நாற்காலியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

நின்றார்.

ஐந்து நொடி. பத்து நொடி. இருபது. மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"மகினோ சென்செய்?"

"ம்?"

"ஏன் நிக்கறீங்க?"

"கொஹாருகிட்ட கேட்டிருக்கேன்."

"அங்க யாரும் இல்லையே!"

அவர் நாற்காலியைப் பார்த்தார். காது சிவந்தது. ஏழு வருடம் ஏன் விழுந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது என்று நினைக்கிறேன். தேர்வு வாரியம் காரணம் சொல்வதில்லை, தரத்தைக் குறிக்கும் ஒரே ஒரு எழுத்தை மட்டும் அனுப்பும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்த வருடத்துப் பிள்ளைகளை அப்படியே கூட்டிப்போய் அந்த நாற்காலிகளில் உட்கார வைத்திருக்கிறார். அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார். ஓரத்தில் இருந்த மூவருக்கும், ஒருவர் ஒன்றும் பேசாமல் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

"கெட்டிக்காரப் பிள்ளைங்களை உக்கார வைங்க" என்றேன். "கேட்ட உடனே டக்குனு சொல்ற பிள்ளைங்க."

"அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததே இல்லையே, யாரை நினைச்சுக்கறது?"

"என்னை நினைச்சுக்கங்க."

"ஐயோ. ஏழு கோதை சென்செய்யா? எனக்கு எப்போ பேச வாய்ப்பு கிடைக்கும்?"

இப்படியே மூன்று வாரம். நான் இரண்டு நொடியில் மேசையைத் தட்டுவேன், அவர் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒருநாள் கதவுச் சந்தில் தைகாவின் முகம் தெரிந்தது.

"சென்செய், யார்கிட்ட பேசறீங்க? பேயா?"

"பேயாயிருந்தா பதில் சொல்லியிருக்கும். போடா."

போகவில்லை. ஏழு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் தைகா முதல் நாற்காலியில் குதித்து உட்கார்ந்து, கேள்வி முடிவதற்குள் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் "ஆமாம்! ஆமாம்! மிகவும் நல்லது!" என்று கத்தினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பதில்கள் எல்லாம் தப்பு, வேகம் மட்டும் சரி. மகினோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

கொஹாரு உட்காரவில்லை. கதவருகே பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பக் காலணி மாற்றப் போன பிறகும் நின்றாள். மகினோ பலகையைத் துடைத்து முடித்துவிட்டு அவளைப் பார்த்து நின்றார். நானும் விரல்களை மடக்கிக்கொண்டு நின்றேன்.

"சென்செய்" என்றாள் ஒரு வழியாக. "பரீட்சைக்குப் போகும்போது என்னை விட்டுட்டுப் போங்க."

அவருக்கு அதற்குப் பதில் சொல்ல அவளைவிட அதிக நேரம் ஆனது.

"சரி" என்றார்.

*

ஆகஸ்ட் மாதம், மாலைக் கப்பலில் அவர் திரும்பி வந்தபோது துறையில் நான் நின்றிருந்தேன். கோட்டு கையில், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டு அலைதடுப்புக் கல்மேல் உட்கார்ந்தோம்.

"எப்படிப் போச்சு?"

"ஆறு நிமிஷம் ரொம்ப நல்லாப் போச்சு. பிள்ளைங்க எல்லாம் டக்கு டக்குனு சொன்னாங்க. நகரத்துப் பிள்ளைங்க போல. ஒரு பொண்ணு டென்மார்க் போயிருக்காளாம்."

"அப்புறம்?"

சோடா மூடியைக் கையில் உருட்டினார். அன்று கொடுத்த தலைப்பு, வெளியூர்க்காரர் வந்தால் உங்கள் ஊரில் எதைக் காட்டுவாய் என்பது. ஆறு பேரும் கோட்டை, கோபுரம், கடைத்தெரு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஜன்னலோரக் கடைசி நாற்காலி மட்டும் மிச்சம்.

"அவளை நான் கூட்டிட்டுப் போகலை கோதை சென்செய். சத்தியமா. சொன்ன மாதிரியே விட்டுட்டுத்தான் போனேன். ஆனா அந்த நாற்காலியைப் பார்த்ததும், இது என்ன கிளாஸுன்னு ஆயிடுச்சு. அவ இல்லாம ஆறு பேருக்கு நடத்திட்டு, அருமை அருமைன்னு சொல்லிட்டு நிக்கறேன். அதனால கேட்டுட்டேன்."

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"அவ சொல்ற வரைக்கும்."

"சொன்னாளா?"

"சொன்னா." கடலைப் பார்த்துச் சிரித்தார். "'ஒண்ணும் இல்லை'ன்னா. அப்புறம் கொஞ்சம் கழிச்சு, 'ஆனா வாங்க'ன்னா. நல்ல பதில் இல்லையா? பாராட்டலாம்னு வாயைத் திறக்கறேன், மணி அடிச்சிட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. மூன்று வாரம் மேசையைத் தட்டிய கை வலித்தது. திட்டவும் முடியவில்லை. சோடாவைக் குடித்து முடித்தேன்.

அக்டோபர் முதல் வாரம் கடிதம் வந்தது. ஹமாதா அதை மகினோவின் மேசையில் வைத்துவிட்டு, அடுப்பில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை மறுபடி கொதிக்க வைத்தார். மகினோ படித்தார், மடித்தார், இரண்டாம் பீரியடுக்குக் கிளம்பினார்.

பிள்ளைகளிடம் அவரே சொன்னார். தேறவில்லை, மார்ச்சில் போகிறேன், அதுவரை பாடம் பதினொன்றை முடித்துவிடலாம். தைகா, "அப்ப நூடுல்ஸ் ஓசியா கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு, தானே தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கொஹாரு மேசையருகே வந்தாள். நான் படஅட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் அங்க வந்தேனா?" என்று கேட்டாள்.

மகினோ என்னைப் பார்க்கவில்லை. "வரலை. நீதான் வர மாட்டேன்னுட்டியே. நான் வேற இடத்துல சொதப்பிட்டேன்" என்றார்.

"பொய்" என்றாள் கொஹாரு.

ஒரு நொடிகூட ஆகவில்லை. அவள் அவ்வளவு வேகமாகப் பதில் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சொல்லிவிட்டுக் குனிந்து வணங்கிவிட்டு ஓடிப்போனாள். அன்று மதியம் மகினோ சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டார்.

*

அவர் போன பிறகு வந்த புதிய ஆங்கில ஆசிரியர் நல்லவர், சுறுசுறுப்பானவர். நான் இன்னும் இரண்டு வருடம் அந்தத் தீவில் இருந்தேன். அதற்குப் பிறகு வேறொரு கடலோர ஊர், பிறகு வேறொரு நாடு. தொபிசேவை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் மகினோவைப் பார்க்கப் பெரிய தீவுக்குப் போனேன்.

பட்டறை நீளமான தகரக் கொட்டகை. மாவுத்தூள் காற்றிலேயே நின்றது. ஆளுயரக் கோல்களில் நூடுல்ஸ் வெள்ளைத் திரைபோலத் தொங்கியது. அவற்றுக்கு நடுவே மகினோ, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, இரண்டு நீளக் குச்சிகளால் இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். கை தேறியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது.

சுமியே அக்கா என்னை உட்கார வைத்து ஒரு பெரிய கிண்ணம் நிறைய ஊற்றிக்கொடுத்தாள். உரத்த குரல்காரி.

"பாருங்க கோதை சென்செய், இவனை என்ன பண்றதுன்னு சொல்லுங்க. நூடுல்ஸைத் தொங்கவிட்டா அடுத்த கோலுக்குப் போகணுமா வேண்டாமா? முன்னாலயே நின்னுட்டு இருக்கான். அது ஏதோ பதில் சொல்லப் போற மாதிரி!"

"காயுதான்னு பார்க்கறேன் அக்கா."

"காயும். உன்னைக் கேட்டா காயும்?"

அவர் பின்கட்டுக்கு மாவு எடுக்கப் போனதும் அவள் குரல் இறங்கியது. கல்வி வாரியத்திலிருந்து இரண்டு முறை தொலைபேசி வந்ததாம். எங்கும் ஆசிரியர்கள் போதவில்லை, ஒரு வருட ஒப்பந்தத்துக்கு வர முடியுமா என்று. இரண்டு முறையும், மன்னிக்கணும், குடும்பத் தொழில் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

"நான் என்ன இவனைக் கயித்துல கட்டியா வச்சிருக்கேன்? போடான்னா, வாக்கு குடுத்தேன்கறான். யார்கிட்ட குடுத்தே, என்கிட்டதானே குடுத்தே, நான் திருப்பித் தர்றேன்னா, அத்தான் முதுகைக் காட்டறான். அந்த முதுகுதான் எனக்கும் தெரியுதே. நான் என்ன செய்ய?" கரண்டியைச் சட்டியில் போட்டாள். "காலையில ஆறு மணிக்கு ரேடியோவைப் போட்டுட்டு மாவு பிசையறான். வாய் முணுமுணுன்னே இருக்கு. நான் கேட்காத மாதிரி இருந்துக்கறேன்."

கிளம்பும்போது மகினோ இரண்டு கட்டு நூடுல்ஸைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவரும் நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். பஸ் வந்துவிட்டது.

*

அதற்குப் பிறகு புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை, எங்கே இருந்தாலும் தேடி வரும். பட்டறை நன்றாக நடக்கிறது, உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறொன்றும் எழுதமாட்டார்.

போன ஏப்ரலில், நான் ஊர் திரும்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசியில் அவரிடமிருந்து செய்தி வந்தது. இவ்வளவு நீளமாக அவர் எழுதியதே இல்லை.

"கோதை சென்செய், நல்லா இருக்கீங்களா? போன புதன்கிழமை வாரியத்துலேர்ந்து மூணாவது தடவை போன் வந்துச்சு. நான் மாடியில கோல் கழுவிட்டு இருந்தேன். அக்கா எடுத்தா. 'வருவான், எத்தனை மணிக்கு வரணும்'னு கேட்டுட்டு வச்சுட்டா. எனக்கு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் சொன்னா. அதுக்குள்ள கோட்டை அயர்ன் பண்ணி மாட்டியிருந்தா. அத்தான் முதுகு சரியாயிடுச்சாம். ரெண்டு பேரும் சேர்ந்து சொல்றாங்க. இன்னிக்குக் காலையில அவர் சுவரைப் பிடிச்சுட்டு நடந்ததை நான் பார்த்தேன். நம்பின மாதிரி தலையாட்டிட்டு வந்துட்டேன். சனி ஞாயிறு போய்க் கோல் தூக்கிக் குடுக்கலாம், இந்தத் தீவுலேர்ந்து கப்பல் ஒன்றரை மணி நேரம்தான். ஒரு வருஷத்துக்குத்தான் வேலை. ஆகஸ்ட் தேர்வுக்கும் பேர் குடுத்துட்டேன், சிரிக்காதீங்க. கொஹாரு நர்சிங் படிக்கறா, தைகா படகுல போறான். இங்க பிள்ளைங்க யாரோட பேரும் எனக்கு இன்னும் தெரியாது. மொத்தம் பன்னிரண்டு பேர். நாளைக்கு எட்டு ஐம்பதுக்கு முதல் வகுப்பு."